அதிபர் தராத வாக்கு



நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் வட்டாரத்தில், 'பெல்டா எல்.பி. ஜான்சன்' என்றொரு நிலக்குடியேற்றக் கிராமம் இருக்கிறது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1966ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் நம் நாட்டுக்கு வந்தபோது அந்தக் குடியேற்றத்தைப் பார்வையிட்டார். அதன் நினைவாகவே அவ்வூருக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அது வியட்நாம் போர்க்காலம். ஆசிய நாடுகளின் நட்பைத் தேடி அவர் மேற்கொண்ட பயணத்தில் நம் நாடும் ஒரு நிறுத்தமாக இருந்தது. வல்லரசுப் போட்டி என்பது எங்கோ தொலைவில் நடந்த கதையன்று. நம் ஊர்ப்பெயர்ப் பலகையிலும் அது எழுதப்பட்டிருக்கிறது!

அதே ஜான்சன், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், துணை அதிபராக இருந்தபோது இன்னொரு நகரத்துக்கு அவசரமாக அனுப்பப்பட்டார். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் மேற்கு பெர்லினில் போய் இறங்கினார். ஆறு நாள்களுக்கு முன்னர்தான் அந்நகரின் நடுவே முள்வேலி போடப்பட்டிருந்தது. அனுப்பியவர் அதிபர் கென்னடி. அந்தக் கதையை என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லப்போய், அவர்கள் கேட்ட கேள்விகளால் நானே மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெர்லின் எங்கே இருந்தது என்பதைத் தெளிவாக்க வேண்டும். பெரியவர்களே இதில் குழம்புவதைக் கண்டிருக்கிறேன். கிழக்கு ஜெர்மனிக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டின்மேல் அந்நகரம் இருந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. அது முழுவதுமாகக் கிழக்கு ஜெர்மனிக்குள், எல்லையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வென்ற அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் ஜெர்மனியைப் பங்கிட்டதோடு, தலைநகரையும் நான்காகப் பங்கிட்டுக்கொண்டன. முதல் மூன்றின் பங்குகளும் சேர்ந்து மேற்கு பெர்லின் ஆயின. வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதனுள்ளே ஒரு சின்ன வட்டம் போட்டேன். "கடல் இல்லாத தீவு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தீவைப் பட்டினி போட்டு வாங்கிவிடலாம் என 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாலின் தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தார். அதிபர் ட்ரூமன் படைகளை அனுப்பி வழியைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. வானூர்திகளில் நிலக்கரியையும் மாவையும் ஏற்றி அனுப்பினார். இரண்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள், இருபது இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சரக்குகள். 1949ஆம் ஆண்டு மே மாதம் முற்றுகை நீங்கியது. சுட்டால் அவர்கள்தாம் முதலில் சுட வேண்டும் என்ற நிலைக்கு எதிரியைத் தள்ளியதுதான் ட்ரூமனின் திறமை.

கென்னடியின் காலத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. பொருள்கள் உள்ளே போவது அன்று. மக்கள் வெளியே போவது! கிழக்கு ஜெர்மனி 1949இல் உருவானதிலிருந்து 1961க்குள் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். மருத்துவர், ஆசிரியர், பொறியியலாளர் என்று படித்தவர்கள் பலர். பெர்லின் நகருக்குள் ஒரு தொடர்வண்டிச் சீட்டு வாங்கினாலே மேற்குப் பகுதிக்குப் போய்விடலாம் என்ற நிலை அப்போது இருந்தது. 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் வியன்னாவில் கென்னடியைச் சந்தித்த சோவியத் தலைவர் குருஷ்சேவ், கிழக்கு ஜெர்மனியுடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டு மேற்கு நாடுகளின் உரிமைகளை முடித்துவிடுவேன் என்று மிரட்டினார்.

கென்னடி ஜூலை 25ஆம் நாள் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசினார். இராணுவத்துக்குக் கூடுதலாக 300 கோடி டாலருக்கும் மேல் கேட்டார். படையின் அளவை ஏறத்தாழ 10 இலட்சமாக உயர்த்தப்போவதாகச் சொன்னார். அணுகுண்டிலிருந்து தப்பிப் பதுங்கும் இடங்களைப் பற்றியும் பேசினார். கேட்ட மக்கள் நடுங்கியிருப்பார்கள். எனினும் அந்த உரையை மெதுவாகப் படித்தால் ஒன்று புலப்படும். அமெரிக்கப் படைகள் மேற்கு பெர்லினில் இருக்கும். மேற்கு பெர்லினுக்குப் போகும் வழி திறந்திருக்கும். மேற்கு பெர்லின் மக்களின் சுதந்திரம் காக்கப்படும். வாக்குகள் எல்லாம் மேற்கு பெர்லினுக்கே. அகதிகளைப் பற்றி அவர் குறிப்பிட்டார். ஆனால் கிழக்கிலிருந்து மேற்குக்கு வரும் வழி திறந்திருக்கும் என்று வாக்குத் தரவில்லை. சில நாள்களுக்குப் பின், செனட்டர் புல்பிரைட் இன்னும் வெளிப்படையாக, கிழக்கு ஜெர்மானியர் ஏன் தங்கள் எல்லையை மூடாமல் இருக்கிறார்கள் என்றே தமக்கு விளங்கவில்லை எனத் தொலைக்காட்சியில் கூறினார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கருத்துணர்தல் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், பனுவலில் இருப்பதைக் கேட்கும் வினாவோடு நின்றுவிடாதீர்கள், இல்லாததைக் கேட்கும் வினாவையும் ஒன்றாவது வையுங்கள் என்பார். அந்த வினாவுக்குக் கென்னடியின் உரையைவிடப் பொருத்தமான பனுவல் எனக்குத் தெரியவில்லை. குருஷ்சேவும் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் உல்பிரிக்டும் நல்ல மாணவர்கள். இல்லாததைச் சரியாகப் படித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டு 13 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவுக்குப் பின் வேலை தொடங்கியது. விடிந்தபோது நகரின் நடுவே முள்வேலி. மேற்கு பெர்லினைச் சுற்றி ஏறத்தாழ 155 கிலோமீட்டர். அதில் நகரையே இரண்டாக வெட்டிய பகுதி மட்டும் 43 கிலோமீட்டர். கிழக்கில் குடியிருந்து மேற்கில் வேலை பார்த்த ஏறத்தாழ 50,000 பேர் ஒரே இரவில் வேலையை இழந்தனர். ஜொகூர் பாருவில் வாழும் நமக்கு இந்த வரியை வேகமாகக் கடந்துபோக முடியாது. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார்சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு பாலத்தை நோக்கிப் போகும் அப்பா, அம்மா, அண்ணன் இல்லாத வீடு நம் மாணவர்களிடையே எத்தனை?

இந்த இடத்தில்தான் ஒரு மாணவன் கேட்டான்: "அமெரிக்க அதிபர் அவ்வளவு பெரிய ஆளாச்சே டீச்சர், பீரங்கி வண்டியை விட்டு அந்த முள்வேலியை இடித்திருக்கலாமே?"

(யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின்னர், ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நேரம் ஒதுக்க முடிகிறது. தேர்வு போனதை நினைத்து வருந்தும் பெற்றோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன்.)

இதே கேள்வியை அன்று பெர்லின் மக்களும் கேட்டார்கள். நான் சொன்ன விடை இது. வேலி கிழக்குப் பகுதியின் நிலத்துக்குள்ளேயே போடப்பட்டிருந்தது. அமெரிக்கர் அதை இடித்தால், அவர்கள் நூறு மீட்டர் தள்ளி இன்னொன்று போடுவார்கள். அதையும் இடித்தால் இன்னொன்று. எந்த வேலியில் முதல் குண்டு வெடிக்கும்? அது வெடித்தால் இரு தரப்பிலும் அணுகுண்டு இருக்கிறது. சுவர் நல்லதன்று, ஆனாலும் போரைவிட மேலானது என்ற கருத்தைக் கென்னடி தம் உதவியாளரிடம் சொன்னதாக அவ்வுதவியாளரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நானும் கென்னடியின் முடிவே சரி என்று நினைக்கிறேன். இருபது இலட்சம் பேர் வாழும் நகரத்தில் தொடங்கும் போர் அந்நகரத்தோடு முடிந்திருக்காது.

ஆயினும், சரியான முடிவு என்பதற்காக அது நோகாமல் போய்விடுமா? மேற்கு பெர்லின் மேயர் வில்லி பிராண்ட் ஆகஸ்டு 16ஆம் நாள் கென்னடிக்கு எழுதிய கடிதத்தில் தம் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. ஒரு நகரத்தின் மேயர் உலகின் பெரிய வல்லரசின் அதிபருக்கு இவ்வாறு எழுதலாமா எனக் கென்னடிக்குச் சினம் வந்ததாம். சினம் வந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்தார். ஜான்சனை அனுப்பினார். முன்பு முற்றுகையின்போது பெர்லின் மக்களின் நன்மதிப்பைப் பெற்ற தளபதி லூசியஸ் கிளேயையும் உடன் அனுப்பினார். 1,500 வீரர்களைக் கிழக்கு ஜெர்மனியின் நெடுஞ்சாலை வழியாகவே அனுப்பிவைத்தார். ஆகஸ்டு 20ஆம் நாள் அவர்கள் வந்து சேர்ந்தபோது, மக்கள் பூக்களை வீசி வரவேற்றனர். கொடுத்த மூன்று வாக்குகளும் காப்பாற்றப்படும் என்பதற்கு அது சான்று. கொடுக்காத வாக்குக்கு யார் பொறுப்பு? கிழக்கில் இருந்த பாட்டியை மேற்கில் இருந்த பேரன் எப்போது பார்ப்பான்? அந்த 1,500 பேரிடம் அதற்கு விடை இல்லை.

நம்மவர் ஒருவரும் இக்கதையில் வருகிறார். செப்டம்பர் முதல் வாரத்தில் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு கூடியது. 25 நாடுகள் கலந்துகொண்டன. (மலாயா அதில் இல்லை, நம் நாடு 1970இல்தான் அந்த அமைப்பில் சேர்ந்தது.) மற்றத் தலைவர்கள் காலனி ஆதிக்கத்தைப் பற்றிப் பேச விரும்பியபோது, போர் வந்துவிட்டால் வேறெதற்கும் பொருள் இருக்காது, முதலில் அதைத் தடுப்போம் என்று வலியுறுத்தியவர் நேரு. இரு வல்லரசுகளும் நேரில் பேச வேண்டும் எனக் கோரும் கடிதத்தை நேருவும் கானாவின் என்க்ருமாவும் மாஸ்கோவுக்குக் கொண்டு சென்றார்கள். அதே கடிதத்தைச் சுகர்ணோவும் மாலி நாட்டின் கெய்தாவும் வாஷிங்டனுக்குக் கொண்டு சென்றார்கள். கடிதத்தால் சுவர் அசையவில்லை. ஆனாலும் பீரங்கி இல்லாதவர்கள் தூது போகத் தயங்கவில்லை என்பது என் மாணவர்களுக்குப் பிடித்திருந்தது.

அக்டோபரில் பீரங்கிகளும் வந்துவிட்டன. நாடகம் பார்க்கக் கிழக்குப் பகுதிக்குப் போன ஓர் அமெரிக்க அதிகாரியிடம் கிழக்கு ஜெர்மன் காவலர்கள் கடப்பிதழைக் கேட்டார்கள். நான்கு நாடுகளுக்கும் பொதுவான நகரத்தில் உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை என்று அவர் மறுத்தார். அதில் தொடங்கிய தகராறு, அக்டோபர் 27ஆம் நாள் 'செக்பாயிண்ட் சார்லி' என்ற சோதனைச் சாவடியில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் ஒன்றையொன்று குறிவைத்து நிற்பதில் வந்து முடிந்தது. ஏறத்தாழ 16 மணி நேரம். கென்னடியின் தம்பி இராபர்ட், சோவியத் உளவு அதிகாரி ஒருவர் வழியாகக் குருஷ்சேவுக்குச் செய்தி அனுப்பினார். முதலில் ஒரு சோவியத் டாங்கி பின்வாங்கியது. பிறகு ஓர் அமெரிக்க டாங்கி. அப்படியே ஒவ்வொன்றாகக் கலைந்தன. கடப்பிதழைக் காட்ட மறுத்ததால் உலகப் போரா என்று வகுப்பே சிரித்தது. தினமும் இரண்டு குடிநுழைவுச் சாவடிகளில் கடப்பிதழைக் காட்டும் பெற்றோரின் பிள்ளைகள் அல்லவா!

1963ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் கென்னடியே பெர்லினுக்குப் போனார். நகரமன்றத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்தில், தாமும் ஒரு பெர்லின்வாசி என்று ஜெர்மன் மொழியில் முழங்கினார். அவருக்கு ஜெர்மன் மொழி வராது. அந்த வாக்கியத்தின் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தமக்குப் புரியும்படி ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டார். நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைப்பதைப் பார்த்துச் சினக்கும் ஆசிரியர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது! அந்த வாக்கியத்துக்கு 'நான் ஒரு பணியாரம்' என்று பொருள் வந்துவிட்டதாகச் சொல்லப்படும் வேடிக்கைக் கதை உண்மையன்று. பெர்லின் மக்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

பாடநூல்கள் எல்லாம் அந்த முழக்கத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கோ அதே ஆண்டின் டிசம்பர் மாதம்தான் பெரிதாகப் படுகிறது. கென்னடி நவம்பர் 22ஆம் நாள் கொல்லப்பட்டார். ஜான்சன் அதிபரானார். ஒரு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 17ஆம் நாள், மேயர் பிராண்டின் நகர நிருவாகத்துக்கும் கிழக்கு ஜெர்மன் அரசுக்கும் இடையே ஓர் எளிய உடன்பாடு கையெழுத்தாயிற்று. மேற்கு பெர்லின் மக்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில், டிசம்பர் 19 முதல் ஜனவரி 5 வரை, கிழக்கு பெர்லினில் உள்ள உறவினரைப் போய்ப் பார்த்து வரலாம். அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டு எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? மேற்கு பெர்லினின் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில்! கிழக்கு ஜெர்மனியின் அஞ்சல் ஊழியர்கள் வந்து உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்கினார்கள். டிசம்பர்க் குளிரில் மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். இருபத்தெட்டு மாதங்கள் முகம் பார்க்காதவர்கள். தொலைபேசியும் கிடையாது, கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான நகரத் தொலைபேசித் தொடர்பு 1952இலேயே துண்டிக்கப்பட்டு, 1971இல்தான் திரும்ப வந்தது. ஏறத்தாழ 12 இலட்சம் முறை மக்கள் போய் வந்தார்கள்.

சீட்டு ஒரு நாளைக்கு மட்டுமே செல்லும், நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று நான் சொன்னதும், பீரங்கியால் இடிக்கச் சொன்ன அதே மாணவன், "இரவு தங்க முடியாதா டீச்சர்?" என்று கேட்டான். வேறு யாரும் இதைக் கேட்கவில்லை.

அவன் 2020இல் என் முதலாம் ஆண்டு வகுப்பில் இருந்தவன். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டதும், வேலையைக் காக்க முந்தின இரவே பாலத்தைக் கடந்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வாரம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆகஸ்டில் முறைப்படி வீடு வந்துபோக ஓர் ஏற்பாடு தொடங்கியது. ஆயினும் தனிமைப்படுத்தும் நாள்களுக்கும் அதற்கான செலவுக்கும் அவர் என்ன செய்வார்? 2021 தொடக்கத்தில் அவருடைய தாயார் காலமானார். மகன் கைப்பேசித் திரையில்தான் இறுதிச் சடங்கைக் கண்டார். மரணத்துக்கும் கடும் நோய்க்கும் மட்டும் எல்லையைக் கடக்கலாம் என்ற ஏற்பாடு அவ்வாண்டு மே மாதம்தான் வந்தது. நவம்பர் 29ஆம் நாள், தடுப்பூசி போட்டவர்களுக்கெனக் குறிப்பிட்ட பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 பேர். பாலத்தை நாள்தோறும் மூன்று இலட்சம் பேர் கடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு டிசம்பரில் இடம் கிடைத்தது.

ஜொகூர் பாலமும் பெர்லின் சுவரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே நம்மைப் பிரித்தது நோய். ஒருவரும் யாரையும் சுடவில்லை. உணவு லாரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பாலம் முழுமையாகத் திறந்துவிட்டது. பெர்லினில் தப்ப முயன்றும் வேறு வகையிலும் அந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் அழுத்திச் சொன்னேன். ஆயினும் அனுமதிச்சீட்டு என்ற சொல்லின் எடை அந்த மாணவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அனுமதிச்சீட்டு உடன்பாடு மேலும் சில முறை நீட்டிக்கப்பட்டு, 1966இல் நின்றுபோனது. பிறகு அவசரக் குடும்பக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டுமே சீட்டு. நிக்சன் காலத்தில், 1971ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், நான்கு நாடுகளும் பெர்லின் உடன்பாட்டில் கையெழுத்திட்ட பின்னர்தான் 1972இல் வழி மறுபடியும் ஓரளவு திறந்தது. அதாவது, மேயர் தொடங்கியதை நிலைநிறுத்த அதிபர்கள் தேவைப்பட்டார்கள். அதிபர்கள் விட்டதை எடுத்துச் செய்ய மேயர் தேவைப்பட்டார். 1987இல் ரேகன் அந்தச் சுவரருகே நின்று கோர்பச்சேவை அறைகூவியது பலருக்கு நினைவிருக்கும். 1989 நவம்பர் 9ஆம் நாள் சுவர் திறந்தபோது அதிபராக இருந்த மூத்த புஷ், கூத்தாடாமல் அடக்கமாக இருந்தார். கோர்பச்சேவைச் சிறுமைப்படுத்திவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அப்போது தொடக்கப்பள்ளி மாணவி. தோட்டத்து வீட்டில் எங்கள் தாத்தா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, "அவங்கவங்க சொந்தக்காரங்கள பாக்கப் போறாங்க போலிருக்கு" என்றார்.

இனி ஒரு வேண்டுகோள். இப்பாடத்துக்குப் பின், பழைய கோப்புகளைத் தேடியபோது, 2020இல் அந்த மாணவன் புலனம் வழி அனுப்பிய 'என் குடும்பம்' ஓவியம் கிடைத்தது. அம்மா, பாட்டி, தங்கை, அவன் நால்வரும் வரிசையாக நிற்கிறார்கள். அப்பா மட்டும் ஒரு சிறிய செவ்வகத்துக்குள் இருக்கிறார். செவ்வகத்தின் மேல் ஓரத்தில் மின்கலக் குறியையும் வரைந்திருக்கிறான், பாதி தீர்ந்திருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகள் எழுதிய கடிதங்களும் வரைந்த படங்களும் உங்கள் வீடுகளிலும் இருக்கும். பெற்றோர்களே, அவற்றை எறிந்துவிடாதீர்கள். விருப்பமிருந்தால் ஒரு படியை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பெயர்களை மறைத்து, தேதிவாரியாக ஒட்டி, பள்ளி நூலகத்தில் ஒரு தொகுப்பாக வைக்கலாம் என்றிருக்கிறேன். முதல் பக்கத்துக்கு அந்த ஓவியம் இருக்கிறது. அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள்.